தன்னைத்தானே உயர்த்திக்கொண்ட தீவு நகரம்

கடற்கரை நகரங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மணலின் மென்மையையும் மாலைக் காற்றின் இனிமையையும் சொல்லி முடித்துவிடுகின்றனர். அவை உண்மையே. ஆயினும் கடலின் ஓரத்தில் ஒரு நகரம் நிலைத்து நிற்பது எளிய செயல் அன்று. மணல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, கடல் எந்த நாளில் எவ்வளவு உயரும், அன்று மக்கள் எங்கே போவார்கள் என்னும் வினாக்களுக்கு விடை காணாத நகரம் நெடுநாள் வாழ்வதில்லை. விடை காணச் சிறிது காலம் தாழ்த்தி, அதற்குப் பெருவிலை கொடுத்து, பின்னர் உலகமே வியக்கும்படி எழுந்து நின்ற ஒரு தீவு நகரத்தின் வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம். அதன் பெயர் கால்வெஸ்டன். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ வளைகுடாவின் கரையில் அது உள்ளது.

நான் அந்நகருக்குச் சென்றவன் அல்லேன். கடலோர நில அமைப்பைப் பற்றிப் படிக்கும் மாணவன் என்னும் முறையில் அதன் வரைபடங்களையும் வரலாற்றையும் கற்றிருக்கிறேன். மும்பையில் படிக்கும் நமக்கு இப்பாடம் பொருத்தமானது என்று எண்ணியே எழுதுகிறேன். நாம் வாழும் நகரமும் ஏழு தீவுகளைத் தூர்த்து ஒன்றாக்கிய தீவு நகரந்தானே!

தீவின் இருப்பும் இயல்பும்

கால்வெஸ்டன் தீவு ஏறத்தாழ 43 கிலோமீட்டர் நீளமுடையது. அகலமோ, மிகுந்த இடத்திலும் 5 கிலோமீட்டருக்குள்தான். தென்கிழக்கே மெக்சிகோ வளைகுடா; வடமேற்கே உள்விரிகுடா. ஹூஸ்டன் பெருநகரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வந்து, நீண்ட பாலத்தைக் கடந்தால் தீவை அடையலாம். வட அட்சம் 29 பாகைக்குச் சற்று மேல் அமைந்துள்ளதால் அதன் தட்பவெப்பம் மிதவெப்ப மண்டலத்தைச் சேர்ந்தது. கோடையில் நம் ஊர்ப் புழுக்கம் உண்டு, குளிர்காலமும் கடுமையானதன்று.

இத்தகைய தீவைப் புவியியலார் தடுப்புத் தீவு என்பர். அடியில் கருங்கல் இல்லை, மலை இல்லை. கடல் அலைகளும் நீரோட்டங்களும் ஏறத்தாழ 5,000 ஆண்டுகளாகக் கொண்டுவந்து குவித்த மணலே அதன் உடல். பெருநிலத்துக்கு முன்னே ஒரு மதில் போலக் கிடந்து, புயலின் முதல் அடியைத் தான் தாங்கிக்கொள்வதால் அப்பெயர் வந்தது. மணல் மேட்டின் இயல்பு அசைவதாகும். ஒருபுறம் கரையும்; மறுபுறம் வளரும். பறவைகளுக்கும் புல்லுக்கும் அதனால் தொல்லையில்லை. கல்லில் வீடு கட்டி, பத்திரம் எழுதி, எல்லைக்கல் நாட்டும் மனிதனுக்குத்தான் தொல்லை.

அக்கரையின் நீர் நீலமாக இராது, பழுப்பாக இருக்கும். இதைக் கண்டு அழுக்கு என்று எண்ணுவோர் உளர். மிசிசிப்பி முதலிய ஆறுகள் கொணரும் நுண்ணிய வண்டலை நீரோட்டம் கரையோரமாக மேற்கே கொண்டுசெல்கிறது. அலைகள் அதை அடியில் தங்கவிடாமல் கலக்குகின்றன. அதுவே அந்நிறத்தின் காரணம்.

துறைமுகம் வளர்ந்த கதை

ஐரோப்பியர் வருமுன் கரங்காவா என்னும் பழங்குடியினர் இக்கரையில் மீன்பிடித்தும் வேட்டையாடியும் வாழ்ந்தனர். ஸ்பானிய ஆளுநர் பெர்னார்டோ தெ கால்வெஸ் என்பவரின் பெயரே விரிகுடாவுக்கும் பின்னர் தீவுக்கும் நகருக்கும் வழங்கலாயிற்று. 1817 முதல் சில ஆண்டுகள் ழான் லஃபீட் என்னும் கடற்கொள்ளைத் தலைவன் இங்கே தளம் அமைத்திருந்தான். டெக்சாஸ் தனிக் குடியரசாக இருந்த காலத்தில், 1839ஆம் ஆண்டில், கால்வெஸ்டன் முறைப்படி நகராயிற்று.

தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே இயற்கையாக அமைந்த துறைமுகம் அதன் செல்வத்துக்கு ஊற்று. டெக்சாசின் பருத்தி இங்கிருந்தே கப்பலேறியது. ஐரோப்பாவிலிருந்து குடியேறுவோர் பலர் இங்கே இறங்கினர். துறைமுகத்தை ஒட்டிய ஸ்ட்ராண்ட் என்னும் தெருவில் வங்கிகளும் பருத்தி வணிகரின் மாளிகைகளும் நிறைந்தன. நியூயார்க்கின் வால் தெருவுக்கு ஒப்பாகத் தென்மேற்கின் வால் தெரு என்றே அதைப் புகழ்ந்தனர். 1891இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி இத்தீவில் திறக்கப்பட்டது. 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகரின் மக்கள் தொகை 37,789.

விடுதலைச் செய்தி வந்த நாள்

ஸ்ட்ராண்ட் தெருவின் செல்வத்தைப் பேசுகையில் அப்பருத்தியை விளைவித்தவர் யார் என்பதை மறத்தலாகாது. அதை விளைவித்தவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். கிளர்ச்சி செய்த மாநிலங்களில் அடிமைகள் விடுதலை பெற்றவராவர் என்று குடியரசுத் தலைவர் லிங்கன் 1863 சனவரி முதல் நாளில் அறிவித்தார். ஆனால் டெக்சாசில் அவ்வறிவிப்பைச் செயற்படுத்தப் படை இல்லை. இரண்டரை ஆண்டுகள் கழிந்த பின், 1865 சூன் 19ஆம் நாள், படைத்தலைவர் கார்டன் கிரேஞ்சர் கால்வெஸ்டனில் ஓர் ஆணையை வெளியிட்டார். டெக்சாசின் அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றுவிட்டனர் என்பது அதன் பொருள். ஏறத்தாழ 2,50,000 மக்களின் வாழ்வு அதனால் மாறியது. ஆனால் அதே ஆணை, அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்து கூலிக்கு உழைக்குமாறும் கூறியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மறு ஆண்டு முதலே அம்மக்கள் அந்நாளைக் கொண்டாடத் தொடங்கினர். 'சூன்டீன்த்' என வழங்கும் அத்திருநாள் 1980 முதல் டெக்சாஸ் மாநில விடுமுறையாயிற்று. 2021இல் நாடு முழுமைக்கும் விடுமுறையாயிற்று. ஆணை வெளியிட்ட படைத் தலைமையகம் இருந்ததாகக் கருதப்படும் ஸ்ட்ராண்ட் – 22ஆம் தெரு மூலையில் இன்று பெரிய சுவரோவியம் ஒன்று காட்சியளிக்கிறது. விடுதலைக் கொண்டாட்டத்தோடு தொடர்புடைய ரீடி ஆலயமும் அந்நகரில் உள்ளது. கால்வெஸ்டனுக்குச் செல்வோர் கடற்கரைக்குப் போகுமுன் காண வேண்டிய இடங்கள் இவை என்பது என் கருத்து.

1900 செப்டம்பர் 8

அந்நகரின் மிக உயர்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து 2.7 மீட்டர்தான். ஆபத்தை யாரும் அறியாமலில்லை. அதே டெக்சாஸ் கரையில் இண்டியனோலா என்னும் துறைமுகம் 1875இலும் 1886இலும் புயலால் சிதைந்து, இறுதியில் கைவிடப்பட்டது. அதைக் கண்ட கால்வெஸ்டன் மக்களில் சிலர் கடற்சுவர் கட்டவேண்டும் என்றனர். ஆனால் செலவுக்கு அஞ்சி அம்முயற்சி கைவிடப்பட்டது. நகரின் வானிலை அலுவலர் ஐசக் கிளைன் என்பவர் 1891இல் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். கால்வெஸ்டனைப் பெரும் புயல் அழிக்கும் என்பது வீண் அச்சம் என்பதே அதன் முடிவு. ஆழமற்ற கடலடி அலையின் வலிமையை உடைத்துவிடும் என்று அவர் நம்பினார். இக்கருத்தைச் சிறிது நேரத்தில் ஆராய்வோம்.

1900 செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு புயல் கியூபாவைக் கடந்தது. அது வளைகுடாவுக்குள் செல்லும் எனக் கியூபாவின் வானிலை அறிஞர்கள் கருதினர். வாஷிங்டனில் இருந்தவர்களோ அது வடக்கே வளைந்து அட்லாண்டிக் கரையோரம் போகும் எனக் கணித்தனர். அக்காலத்தில் கடலின் நடுவே இருக்கும் புயலைக் காண விண்கோள் இல்லை; கப்பலிலிருந்து செய்தி அனுப்ப வானொலியும் இல்லை.

செப்டம்பர் 8, சனிக்கிழமை. காலையில் பெரிய அலைகளைக் காண மக்கள் கடற்கரைக்கு வேடிக்கை பார்க்கச் சென்றனர். பிற்பகலில் பெருநிலத்துக்குச் செல்லும் பாலங்கள் நீரில் மூழ்கின. இரவில் கடல் 4.6 மீட்டருக்கு மேல் எழுந்து தீவு முழுவதையும் மூடியது. 3,600க்கு மேற்பட்ட வீடுகள் தகர்ந்தன. இறந்தோர் குறைந்தது 6,000. 8,000 என்பது பலர் கூறும் கணக்கு. அதற்கும் மேல் என்பாரும் உளர். அதாவது, ஆறு பேருக்கு ஒருவராவது அவ்வோர் இரவில் மாண்டனர். அமெரிக்க வரலாற்றில் இயற்கையால் நேர்ந்த உயிரிழப்புகளுள் இன்றளவும் இதுவே பெரிது. ஐசக் கிளைனின் மனைவியும் அவ்வெள்ளத்தில் இறந்தார்.

கடலோரத்தில் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய அனாதை இல்லம் ஒன்று இருந்தது. கன்னியர் துணி உலர்த்தும் கயிற்றால் குழந்தைகளைத் தங்கள் இடுப்போடு கட்டிக்கொண்டனர். வெள்ளம் கட்டடத்தைச் சாய்த்தது. 10 கன்னியரும் 90 குழந்தைகளும் இறந்தனர். மூன்று சிறுவர்களே பிழைத்தனர்.

இறந்தோரைப் புதைக்க இடமும் ஆளும் இல்லை. உடல்களைப் படகில் ஏற்றிக் கடலில் இட்டனர். அவை மீண்டும் கரைக்கே வந்தன. பின்னர் ஆங்காங்கே எரித்தனர். அக்கொடிய வேலைக்குக் கறுப்பின ஆடவர் பலர் துப்பாக்கி முனையில் இழுத்துச் செல்லப்பட்டனர். விடுதலை ஆணை வெளியாகி முப்பத்தைந்து ஆண்டுகள் ஆன பின்னும் அந்நகரில் நிலைமை அவ்வாறிருந்தது.

கடல் ஏன் அவ்வளவு உயர்ந்தது?

இனி அறிவியலுக்கு வருவோம். புயலின்போது கடல் உயர்வதற்கு இரண்டு காரணங்களைப் பாடநூல்கள் கூறும்.

முதலாவது, காற்றழுத்தக் குறைவு. அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். இயல்பான அழுத்தம் 1,013 மில்லிபார். 1900ஆம் ஆண்டுப் புயலின் நடுவில் அது ஏறத்தாழ 936 என மதிப்பிட்டுள்ளனர். வேறுபாடு 77. ஆகவே இக்காரணத்தால் கடல் 77 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும். ஒரு மீட்டர்கூட இல்லை. நான்கரை மீட்டருக்கு இது போதாது.

இரண்டாவது, காற்றின் உந்தல். வீசும் காற்று நீரின் மேற்பரப்பை இழுத்துக் கரையை நோக்கித் தள்ளுகிறது. ஆழ்கடலாயின் தள்ளப்பட்ட நீர் அடியில் இறங்கித் திரும்பிவிடும். ஆழம் குறைந்தால் திரும்ப வழியில்லை. நீர் கரையில் குவியும். நீர்ப்பரப்பின் சரிவு, காற்றின் இழுவிசையை நீரின் அடர்த்தி, புவியீர்ப்பு, ஆழம் ஆகிய மூன்றின் பெருக்கத்தால் வகுத்தால் கிடைக்கும். காற்று விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் வீசினால் இழுவிசை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 7.5 நியூட்டன். கடல் 60 கிலோமீட்டர் தூரத்துக்குச் சராசரி 15 மீட்டர் ஆழமுடையது எனக் கொள்க. கணக்கிட்டால் கரையில் நீர்மட்டம் 3 மீட்டர் உயரும். அதே கடல் 150 மீட்டர் ஆழமாயின் உயர்வு வெறும் 30 சென்டிமீட்டர்! நண்பர்கள் தாளும் எழுதுகோலும் கொண்டு இதைச் சரிபார்க்கலாம். அழுத்தக் குறைவையும் கடல் ஏற்றத்தையும் அலைகளையும் இத்துடன் கூட்டினால் அன்றிரவு நேர்ந்தது விளங்கும்.

இப்போது கிளைன் எழுதியதை நினைவுகூர்க. ஆழமற்ற கடல் நகரைக் காக்கும் என்றார். தனி அலைகள் ஆழமற்ற இடத்தில் உடைவது உண்மை. ஆனால் முழுக் கடலின் மட்டமே உயர்வது வேறு நிகழ்ச்சி. அதற்கு ஆழமின்மையே துணை. காவல் என்று கருதியதே பகையாயிற்று. ஒரு நிகழ்ச்சியின் விதியை மற்றொன்றுக்குப் பொருத்தினால் என்ன நேரும் என்பதற்கு விஞ்ஞான மாணவர்க்கு இதைவிடக் கடிய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. வங்கக் கடலின் வடபகுதியில் புயல்தோறும் உயிர்ச்சேதம் மிகுவதற்கும் ஆழம் குறைந்த கடலடி ஒரு முக்கியக் காரணம்.

சுவரும் மேடும்

நகரைக் கைவிடுவதா, காப்பதா? மக்கள் காப்பது என்று முடிவு செய்தனர். ஹென்றி ராபர்ட், ஆல்பிரட் நோபிள், ரிப்ளி என்னும் மூன்று பொறியியல் அறிஞர்களை அழைத்து வழி கேட்டனர். நம் மாணவர் சங்கக் கூட்டங்களிலும் தீர்மானம், திருத்தம் என்று விதிமுறை பேசுவோர் உண்டல்லவா? கூட்ட நடைமுறைக்குப் புகழ்பெற்ற விதி நூலை எழுதிய ராபர்ட்டும் இந்த ராபர்ட்டும் ஒருவரே.

அவர்கள் இரண்டு பணிகளைக் கூறினர். ஒன்று, கடற்சுவர். 1902 அக்டோபரில் தொடங்கி 1904 சூலையில் முதற்பகுதி முடிந்தது. நீளம் 5 கிலோமீட்டருக்குச் சற்று மேல், உயரம் 5.2 மீட்டர், அடியில் 4.9 மீட்டர் கனம், மேலே 1.5 மீட்டர் கனம். கடலை நோக்கிய முகம் நேராக இல்லாமல் உட்குழிவாக வளைந்திருக்கும். மோதும் அலை அவ்வளைவில் ஏறி மேல்நோக்கித் திரும்பித் தன் வலிமையை இழக்கும். பின்னர்ப் பல கட்டங்களில் நீட்டப்பட்டு, இன்று அச்சுவர் 16 கிலோமீட்டர் நீளமுடையதாக உள்ளது.

மற்றொன்று இதனினும் வியப்பானது. நகரின் தரையையே உயர்த்துவது! 1903 முதல் 1911 வரை இப்பணி நடந்தது. நகரின் குறுக்கே ஒரு கால்வாயை வெட்டி, தூர்வாரும் கப்பல்களை அதில் செலுத்தினர். அவை கடலடி மணலை நீரோடு கலந்து குழாய் வழியே பாய்ச்சின. நீர் வடிந்தது, மணல் தங்கியது. அதற்கு முன் வீடுகளைத் திருகு ஜாக்கிகளால் தூக்கி நிறுத்த வேண்டும். இவ்வாறு 2,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் உயர்த்தப்பட்டன. 3,000 டன் எடையுள்ள புனித பாட்ரிக் ஆலயத்தை 700 ஜாக்கிகள் கொண்டு ஐந்து அடி உயர்த்தினர். மணல் நிரப்பும் செலவை அரசு ஏற்றது; தத்தம் வீட்டைத் தூக்கும் செலவை வீட்டுக்காரரே ஏற்றனர். மக்கள் பல ஆண்டுகள் மரப் பலகைப் பாலங்களின் மேல் நடந்து கடைக்கும் பள்ளிக்கும் சென்றனர்.

உப்பு மணலில் மரமும் செடியும் மடிந்தன. அப்போது நகரப் பெண்கள் சங்கம் அமைத்து மரக்கன்றுகளையும் அரளிச் செடிகளையும் வரவழைத்து நட்டனர். நம் ஊர்க் கோயில் நந்தவனத்து அரளிதான். உப்பையும் வறட்சியையும் தாங்கும். 1841இல் ஜமைக்காவிலிருந்து முதன்முதல் வந்த அச்செடியால் கால்வெஸ்டன் இன்றும் அரளி நகரம் என்று பெயர் பெற்றுள்ளது.

1915 ஆகஸ்டில் மற்றொரு பெரும் புயல் தாக்கியது. சுவரும் மேடும் நகரைக் காத்தன. உயிரிழப்பு 1900ஐ நோக்க மிகச் சிறிதே. ஆனால் இதற்கிடையே வணிகம் இடம் மாறத் தொடங்கியிருந்தது. 1914இல் ஹூஸ்டன் வரை ஆழமான கப்பற் கால்வாய் திறக்கப்பட்டது. கடலுக்கு முகங்காட்டி நிற்கும் தீவைவிட உள்ளே ஒதுங்கிய துறையை வணிகர் விரும்பினர். நகரம் உயிர் பிழைத்தது; பழைய முதன்மை திரும்பவில்லை.

கடற்கரைகள்

இன்று கால்வெஸ்டனுக்கு வருவோர் பெரும்பாலும் நீராடவும் உலாவவும் வருகின்றனர். கிழக்கு முனையில் கிழக்குக் கடற்கரை, அதையடுத்துக் குடும்பத்தோடு செல்வதற்கேற்ற ஸ்டூவர்ட் கடற்கரை, நடுவே நெடுஞ்சுவரின் மேல் உலாப் பாதை, கடலுக்குள் நீண்டு நிற்கும் கேளிக்கைத் துறை எனக் காட்சிகள் தொடரும். மேற்கே மாநிலப் பூங்கா ஒன்று கடலிலிருந்து உள்விரிகுடா வரை தீவின் முழு அகலத்தையும் உள்ளடக்கிக் கிடக்கிறது. மணற்குன்று, புல்வெளி, சதுப்பு ஆகிய மூன்றையும் ஒரே நடையில் காணலாம். கெம்ப் ரிட்லி என்னும் அருகிவரும் கடலாமை இத்தீவிலும் முட்டையிடுகிறது. சென்னைக் கரைக்கு வரும் பங்குனி ஆமைக்கு அது நெருங்கிய உறவு.

இங்கே ஓர் உண்மையைக் கூறவேண்டும். நகரைக் காத்த சுவரே கடற்கரையைக் குறைத்தது. மணற்கரை புயலின்போது பின்வாங்கும். பின்னர் மெல்ல முன்வரும். பின்னே சுவர் இருந்தால் பின்வாங்க இடமில்லை. சுவரில் மோதித் திரும்பும் அலை அடியிலுள்ள மணலை அரித்துச் செல்லும். துறைமுக வாயிலைக் காக்கும் நீண்ட கல்லணைகளும் கரையோரம் மணல் நகர்வதைத் தடுத்தன. ஆகவே சுவரின் முன்னிருந்த அகன்ற மணல் காலப்போக்கில் தேய்ந்தது. கடலுக்குள் குறுக்குக் கல்வரிசைகள் இட்டனர். 1995 முதல் வேறிடத்து மணலைக் கொணர்ந்து கொட்டி வருகின்றனர். இன்று பயணிகள் உட்காரும் மணலில் பெரும்பங்கு இவ்வாறு வந்ததே.

இதே விதியை நம் சென்னையிலும் காணலாம். தமிழகக் கிழக்குக் கரையில் ஆண்டின் கணக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1876இல் துறைமுகக் கட்டுமானம் தொடங்கியது முதல் தென்புறத்தில் மணல் தேங்கி மெரினா அகன்றது. வடபுறத்தில் ராயபுரம் கரை அரிக்கப்பட்டது. மெரினாவில் மாலை உலாவுவோர் மகிழ்கையில், வடசென்னை மீனவர் வீட்டை இழந்தனர். கடற்கரையில் ஒருவரின் ஆதாயம் பக்கத்தவரின் இழப்பிலிருந்தும் வரக்கூடும் என்பதை மறவாதிருப்போம்.

காணத்தக்க பிற இடங்கள்

புயலுக்குத் தப்பிய மாளிகைகளில் தலையாயது ஆயர் மாளிகை. கிரெஷம் என்னும் வழக்கறிஞருக்காக நிக்கலஸ் கிளேட்டன் என்னும் கட்டடக் கலைஞர் கல்லால் கட்டியது. 1892 அளவில் முடிந்தது. 1900ஆம் ஆண்டு இரவில் நூற்றுக்கணக்கானோர் அங்கே அடைக்கலம் பெற்றனர். மருத்துவக் கல்லூரியின் பழைய சிவப்புக் கட்டடமும் கிளேட்டன் அமைத்ததே. 1859ஆம் ஆண்டின் ஆஷ்டன் மாளிகை, 1894ஆம் ஆண்டின் நாடக அரங்கு, 1904இல் திறந்த ரோசன்பர்க் நூலகம் ஆகியவையும் காணத்தக்கன.

துறையில் எலிசா என்னும் பாய்மரக் கப்பல் நிற்கிறது. 1877இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் இரும்பால் கட்டப்பட்டது. தன் வணிக வாழ்நாளில் கால்வெஸ்டனுக்கும் வந்து சென்ற கப்பல் அது. கிரேக்க நாட்டில் உடைக்கப்படவிருந்த நிலையில் மீட்டுக் கொணர்ந்து, 1982இல் புதுப்பித்து முடித்தனர். ஏழை மாணவனுக்கு உகந்த காட்சியும் ஒன்று உண்டு. தீவின் கிழக்கு முனையிலிருந்து பொலிவர் தீபகற்பத்துக்குச் செல்லும் மாநிலப் படகில் கட்டணமே இல்லை. வழியில் ஓங்கில்கள் துள்ளுவதைக் காணலாம். மறுகரையில் 1872ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1900 புயலில் ஏறத்தாழ 125 பேர் அதன் படிகளில் அமர்ந்து உயிர் தப்பினர்.

முடிவுறாத பாடம்

2008 செப்டம்பர் 13இல் ஐக் என்னும் புயல் வந்தது. சுவர் உறுதியாக நின்றது. ஆனால் வெள்ளம் சுவர் இல்லாத பின்புறத்தில், உள்விரிகுடா வழியாக நகருக்குள் நுழைந்தது. ஸ்ட்ராண்ட் தெரு நீரில் மூழ்கியது. 1900க்குப் பின் நட்டு வளர்த்த மரங்களில் ஏறத்தாழ 40,000 உப்பு நீரால் பட்டுப்போயின. பட்ட மரங்களை வெட்டி எறிய மனமின்றி, சிற்பிகளைக் கொண்டு பறவையாகவும் மீனாகவும் அடிமரங்களில் செதுக்கி வைத்தனர். இன்றும் பல வீட்டு வாயில்களில் அச்சிற்பங்கள் நிற்கின்றன.

விரிகுடாவின் வாயிலுக்கே கதவு அமைக்கும் பெருந்திட்டத்துக்கு 2022 டிசம்பரில் அமெரிக்க அரசு சட்ட இசைவு அளித்தது. ஆனால் எதிரியும் வளர்கிறான். கால்வெஸ்டனில் நூறாண்டுக்கு இரண்டடிக்கு மேற்பட்ட விகிதத்தில் கடல் மட்டம் உயர்ந்து வந்துள்ளது. உலகக் கடல்கள் உயர்வது ஒரு பங்கு. நிலத்தடி நீரையும் எண்ணெயையும் எடுத்ததால் தரை தாழ்வது மறு பங்கு. எனினும் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 53,695 பேர் அந்நகரில் வாழ்ந்தனர்.

தமிழருக்கு இக்கதை முற்றிலும் புதிதன்று. 1964 டிசம்பர் 22–23 இரவில் தனுஷ்கோடி அழிந்தது. அதுவும் இரு கடல்களுக்கு இடையே நீண்ட மணல் திட்டே. பயணிகளோடு வந்த புகைவண்டியையும் கடல் கொண்டது. வாழத் தகாத இடம் என்று அரசு அறிவித்தது. இண்டியனோலா சென்ற வழியில் தனுஷ்கோடி சென்றது; கால்வெஸ்டன் வேறு வழியில் சென்றது. எது அறிவுடைமை? சுவர் கட்டப் பணமும், வீட்டைத் தூக்கப் பலருக்கு வசதியும், விட்டுப்போக மனமின்மையும் கால்வெஸ்டனில் இருந்தன. இவை எங்கும் இருப்பதில்லை. தங்குவதும் நீங்குவதும் வீரத்தைப் பொறுத்தவை என்று எண்ணுதல் தவறு. யாருக்காக, யார் பணத்தில், எத்தனை காலத்துக்கு என்னும் கணக்கைப் பொறுத்தவை அவை. வசதியற்ற மீனவனும் கூலியாளும் அக்கணக்கில் சேர்க்கப்பட்டார்களா என்பதே நாம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி.

மும்பையிலும் கடல் ஏற்றத்தின்போது பெருமழை பெய்தால் வடிகால்கள் நீரைக் கடலுக்குள் விடமுடியாமல் திணறுகின்றன. 2005 சூலை 26இல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து நகரம் மூழ்கியதை நம் பெற்றோர் கூறக் கேட்டிருக்கிறோம். ஆகவே அடுத்த முறை மெரீன் டிரைவில் அமர்ந்து கடலை பருப்பு கொறிக்கையில், சுவரடியில் கிடக்கும் நான்கு கால் கான்கிரீட் கட்டிகளைச் சற்று உற்று நோக்குங்கள். அவை ஏன் அங்கே உள்ளன, அவற்றில் மோதிய அலை எங்கே போகிறது, முன்பிருந்த மணல் என்னாயிற்று என்று கேளுங்கள். நம் சங்கத்தில் கட்டடப் பொறியியல் படிப்போரும் புவியியல் படிப்போரும் பொருளியல் படிப்போரும் உள்ளனர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அனைவரும் சேர்ந்து கொலாபா முதல் வொர்லி வரை நடந்து, கண்டதைக் குறித்து, இவ்விதழுக்கே ஒரு கட்டுரையாக அளிப்போமாயின், அது இக்கட்டுரையைவிடப் பயனுடையதாக இருக்கும்.